அறுபது கடந்தவர்களின் சஃபாரி

அரூஷா, தான்சானியா

அறுபது, எழுபது வயதுக்காரர்கள் பத்துப் பேர் சேர்ந்து ஆப்பிரிக்கக் காடுகளுக்குப் புறப்படுவதென்றால் முதல் கேள்வி மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. எந்தெந்த நாடு என்பதையே அதுதான் முடிவு செய்கிறது. கென்யாவும் உகாண்டாவும் அந்த நோய் உள்ள நாடுகள். உகாண்டாவுக்குள் நுழையவே ஊசி போட்ட சான்றிதழ் வேண்டும். கென்யாவிலிருந்து தான்சானியாவுக்கு வருபவரிடம் எல்லையில் கேட்பார்கள். இந்தியா திரும்பும்போது கெடுபிடி இன்னும் அதிகம். சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்குபவரை 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம்.

சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்பது 2016 முதல் உள்ள விதி. போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி. அறுபதுக்கு மேல் முதன்முறையாகப் போட்டுக்கொள்பவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு, அரிது என்றாலும், இளையவர்களைவிடக் கூடுதல். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் பொதுவாகப் போடுவதில்லை. மருத்துவர் விலக்குக் கடிதம் தரலாம். அதை ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த நாட்டு அதிகாரியின் கையில்.

குழுவில் ஒருவருக்கு ஊசி ஆகாது என்றாலும் மொத்தத் திட்டத்தையும் தெற்கே திருப்பிவிடுவது புத்திசாலித்தனம். ஜிம்பாப்வே, போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா மூன்றிலும் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. ஜிம்பாப்வேயின் விக்டோரியா அருவியிலிருந்து போட்ஸ்வானாவில் சோபே தேசியப் பூங்காவின் வாசலான கசானே சுமார் 80 கிலோமீட்டர்தான், அதுவும் தார்ச்சாலை. சோபே ஆற்றில் படகில் உட்கார்ந்தபடியே யானைக் கூட்டம் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிடலாம். முதுகுக்கு ஒரு குலுக்கல் இல்லை. ஒன்று மட்டும் கவனம். போகும் வழியில் நைரோபியிலோ அடிஸ் அபாபாவிலோ 12 மணி நேரத்துக்கு மேல் அடுத்த விமானத்துக்குக் காத்திருந்தால் தென்னாப்பிரிக்காவில் அதே சான்றிதழைக் கேட்பார்கள். துபாய், தோஹா வழியாக டிக்கெட் எடுத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஆனாலும் பெரும்பாலானவர்களின் மனதில் இருப்பது செரங்கெட்டியும் மசாய் மாராவும்தான். வரைபடத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே காடு: தான்சானியாவில் செரங்கெட்டி 14,763 சதுர கிலோமீட்டர், அதன் வடக்கு விளிம்பில் ஒட்டியபடி கென்யாவின் மாரா 1,510. லட்சக்கணக்கான வில்டபீஸ்டுகள் ஆண்டுதோறும் அங்குமிங்கும் கடக்கின்றன. சுற்றுலாப் பயணி அந்த வழியாகக் கடக்க முடியாது. மேற்கே சுற்றி இசெபானியா என்ற எல்லை ஊருக்குப் போய், இறங்கி, வரிசையில் நின்று, முத்திரை வாங்கி, மறுபுறம் வேறு வண்டியில் ஏற வேண்டும். கென்ய சஃபாரி வண்டிகளுக்குத் தான்சானியப் பூங்காக்களில் அனுமதி இல்லை. பகல் பொழுது முழுக்க இதற்கே போய்விடும். சிறு விமானத்தில் மிகோரி வரை வந்து, எல்லையைத் தரைவழியே கடந்து, தரிமேயில் மறுபடி விமானம் ஏறும் வழியும் உண்டு. செலவு கூடும், இடுப்பு தப்பும்.

விசாவிலும் இதே வேலி. கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் சேர்த்து 100 டாலரில் 90 நாள் கூட்டு விசா இருக்கிறது. தான்சானியா அதில் இல்லை, தனியாக எடுக்க வேண்டும்.

‘11 நாளில் 4 நாடு’ என்று அச்சடித்துத் தரும் பயணத் திட்டங்களில் மூத்தவர்கள் பார்ப்பது பெரும்பாலும் முன் இருக்கையின் முதுகைத்தான். இரண்டு நாடு போதும். மூன்று என்பது மேல் வரம்பு. ஓர் இடத்தில் மூன்று இரவாவது தங்க வேண்டும். பெட்டியைப் பிரித்துக் கட்டுவதும் விடியலில் கிளம்புவதும் உடம்பைக் களைக்க வைக்கிற அளவுக்குக் காடு களைக்க வைப்பதில்லை. கென்யாவின் அம்போசெலி பூங்காவில் தொடங்குவது நல்லது: சமதரை, நிறைய யானை, வானம் தெளிந்தால் 5,895 மீட்டர் கிளிமஞ்சாரோ. அங்கிருந்து நமங்கா எல்லை வழியாக அரூஷா. பிறகு தரங்கிரே, ங்கொரொங்கொரோ, செரங்கெட்டி. திரும்பும்போது அதே சாலையில் வராமல் செரங்கெட்டியிலிருந்து விமானத்தில் அரூஷா வந்துவிட வேண்டும். ங்கொரொங்கொரோ பள்ளத்தின் விளிம்பு சுமார் 2,300 மீட்டர் உயரம். இரவில் குளிர் நடுக்கும், மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்குத் தூக்கம் வராது. விளிம்பு விடுதியின் காட்சி அழகுதான் என்றாலும், கீழே கரத்துவில் தங்கிக் காலையில் பள்ளத்துக்குள் இறங்குவதே உசிதம்.

ஜூலை முதல் அக்டோபர் வரை மாரா ஆற்றை வில்டபீஸ்ட் மந்தைகள் தாண்டும் காட்சிக்குக் கூட்டம் அலைமோதும். எப்போது தாண்டும் என்பதை மந்தைதான் முடிவு செய்யும். வெயிலில் மணிக்கணக்காக வண்டிக்குள் காத்திருக்க வேண்டும். மசாய் மாராவில் வெளிநாட்டவருக்கு ஒரு நாள் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200. பிப்ரவரியில் தெற்கு செரங்கெட்டியை ஒட்டிய ண்டுட்டு புல்வெளியில் அதே மந்தைகள் கன்று ஈனும். பிறந்த சில நிமிடத்தில் கன்று தள்ளாடி எழுந்து ஓடுவதையும், அதற்காகவே சிவிங்கிப்புலி புல்லில் படுத்திருப்பதையும் ஓரிடத்தில் நின்றபடி பார்க்கலாம். வயதானவர்களுக்கு இதுவே மேல்.

வண்டி லேண்ட் குரூஸர். ஆறேழு பேர் உட்காரலாம் என்பார்கள். நால்வருக்கு மேல் ஏற்றக் கூடாது. பின் சக்கரத்துக்கு மேலுள்ள கடைசி வரிசைதான் தூக்கிப் போடும். முதுகுவலிக்காரர்கள் முன்னால், மற்றவர்கள் முறைவைத்து மாறிக்கொள்ளட்டும். படி முழங்கால் உயரத்துக்கு இருக்கும். ஒரு மரப் பலகையோ சிறு ஸ்டூலோ வண்டியில் வேண்டும் என்று முன்பதிவின்போதே எழுதிக் கேட்டால் ஓட்டுநர் கொண்டுவருவார்.

யாரும் வாய்விட்டுக் கேட்காத விஷயம் சிறுநீர். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர் காலை 6 மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஏறினால் அரை மணிக்கொரு தரம் தவிப்பார். பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. உணவு இடங்களில்தான் கழிப்பறை. இதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவது அதைவிட ஆபத்து. மாத்திரையின் நேரத்தை மாற்றலாமா என்று புறப்படும் முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மலேரியா மாத்திரையையும் அதே சந்திப்பில் முடிவு செய்துவிடலாம். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் சாப்பிடும் மருந்துகளோடு எல்லாம் ஒத்துப்போகாது.

கூடாரம் என்றதும் பயப்பட வேண்டாம். கட்டிலும் வெந்நீரும் உள்ளே கழிப்பறையும் இருக்கும். இடைஞ்சல் ஜிப்பில்தான். தரையிலிருந்து தலை வரை கனத்த ஜிப். மூட்டுவாதம் பிடித்த விரலால் இருட்டில் இழுப்பது சிரமம். இழுப்பானில் ஒரு நாடாவைக் கட்டிவிட்டால் சுலபம். வேலி இல்லாத கேம்ப்களில் இருட்டியபின் காவலாள் துணையோடுதான் நடக்க வேண்டும். அதனால் சாப்பாட்டுக் கூடத்துக்கு மிக அருகிலுள்ள கூடாரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பல இடங்களில் நள்ளிரவில் ஜெனரேட்டரை நிறுத்துவார்கள். தூக்கத்தில் மூச்சுக்கருவி பொருத்திக்கொள்பவர்களுக்குப் பேட்டரி அவசியம்.

மூன்றாவது நாடாக உகாண்டாவைச் சேர்த்தால் அது ப்விண்டி காட்டு கொரில்லாவுக்காகத்தான். அனுமதிச் சீட்டு 800 டாலர், ருவாண்டாவில் 1,500. எட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு ஒரு மணி நேரப் பார்வை. பாதை இல்லாத சரிவில் பல மணி நேரம் ஏற வேண்டியிருக்கும். நடக்க முடியாதவரை உள்ளூர்க்காரர்கள் முறை மாற்றி நாற்காலிப் பல்லக்கில் தூக்கிப் போகும் ஏற்பாடு உண்டு. அதற்குத் தனிக் கட்டணம். கூச்சப்படாமல் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

காப்பீட்டில் பழைய நோய்களையும் விமான மீட்பையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். காட்டிலிருந்து நோயாளியை நைரோபிக்குப் பறந்து கொண்டுவரும் ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவை 1957 முதல் இயங்குகிறது. சுற்றுலாப் பயணிகளும் குறுகிய காலச் சந்தா கட்டிச் சேரலாம்.

சிறு விமானங்களில் ஆளுக்கு 15 கிலோ, அதுவும் மெத்தென்ற பையில். சக்கரம் வைத்த பெரிய பெட்டியை ஏற்ற மாட்டார்கள். கென்யாவும் தான்சானியாவும் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்துவிட்டன. கென்யப் பூங்காக்களுக்குள் 2020 முதல் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் கூடாது. பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் எடுத்துப் போகிறவர்கள் எவர்சில்வர் டப்பாவில் அடைத்துக்கொள்ளலாம். டாலர் நோட்டுகள் புதியவையாக இருக்கட்டும். 2006-க்கு முன் அச்சடித்தவற்றைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள்.