கூப்பிட்டால் வராத ஜமீன்

ராஜபாளையத்துக்கு எல்லோரும் நாய் வாங்கப் போவார்கள். நான் நாயைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மதுரையிலிருந்து கிளம்பினோம். நண்பனின் பழைய மாருதி. பின் சீட்டில் ஜமீன். நாலரை மாசக் குட்டி. பால் வெள்ளை, ரோஸ் கலர் மூக்கு, பொன் நிறக் கண். இரண்டரை மாசத்துக்கு முன்னால் இதே ரோட்டில் அவனை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது பரிசுச் சீட்டு விழுந்த மாதிரி இருந்தது. இப்போது எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அதாவது நான் பேசுவேன், அவன் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டான்.

முதலில் வைத்த பெயர் டைகர்தான். யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிற தோரணையைப் பார்த்துவிட்டு நண்பன் வைத்த பெயர் ஜமீன்.

'வா' என்றால் வர மாட்டான். 'உட்கார்' என்றால் நிற்பான். தூங்கும்போது தொட்டால் வெடுக்கென்று கடிக்க வருவான். ஆபீஸ் விட்டு வந்து கதவைத் திறந்தால் வீடு பூராவும் தலையணைப் பஞ்சு பறக்கும். "ரெண்டு போடு போட்டாத்தான் சார் வழிக்கு வரும்" என்றார் எதிர் வீட்டுக்காரர். நானும் பேப்பரைச் சுருட்டி இரண்டு போட்டேன். அன்றிலிருந்து என் கை உயர்ந்தாலே கட்டிலுக்கு அடியில் போக ஆரம்பித்தான்.

கீழ்ப் போர்ஷன் ஹவுஸ் ஓனர் அம்மா கடைசியாகச் சொல்லிவிட்டார்: "தம்பி, ஒண்ணு அது இருக்கணும், இல்லே நீங்க இருக்கணும்." நான் இருப்பதாக முடிவு செய்தேன்.

திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வர ஆரம்பிக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோவில் கோபுரம் தெரிந்ததுமே கார் தானாகப் பால்கோவா கடை முன்னால் நின்றது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பால்கோவா. கால் கிலோ வாங்கினேன்.

"நாயைத் திருப்பிக் கொடுக்கப் போறவனுக்கு ஸ்வீட் எதுக்குடா?"

"துக்கம்டா."

அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ராஜபாளையம். ஒரு பக்கம் மலைத்தொடர், ஊரை ஒட்டி சஞ்சீவி மலை, நடுவில் நூல் மில்கள். பக்கத்து சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரி பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். சீசனில் சப்பட்டை மாம்பழம் வரும். 1949-ல் சென்னை மாகாணத்துக்கு முதல்வரான குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர்தான். ஆனால் வெளியூரில் போய் 'ராஜபாளையம்' என்று சொல்லிப் பாருங்கள், "நாயா சார்?" என்பார்கள். 2005-ல் தபால் துறை நாலு இந்திய நாய் இனங்களுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டபோது அதில் ஒன்று ராஜபாளையம். ஊரின் பெயரை நாய் கவ்விக்கொண்டு போய் ரொம்ப நாளாகிறது!

குட்டி விற்றவர் வீட்டு வாசலில் இறங்கியதும் கொட்டகையில் இருந்த ஏழெட்டு நாய்களும் ஊரே அதிரக் குரைத்தன. விற்றவர் ரொம்பப் பேசவில்லை. "பணம் திருப்பித் தர முடியாது சார். வேணும்னா விட்டுட்டுப் போங்க. தோப்புல கட்டிப் போட்டுக்கறேன்."

திண்ணையில் ஒரு பெரியவர். விற்றவருக்குச் சித்தப்பா முறை, மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜமீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இத்தனை நாய் குரைக்குது. உங்க குட்டி மட்டும் அந்தப் பக்கம் திரும்பலையே?"

"அவன் அப்படித்தாங்க. திமிர்."

பெரியவர் எழுந்து உள்ளே போய் ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்து வந்தார். ஜமீனுக்குப் பின்னால், அவன் கண்ணில் படாமல் நாலடி தள்ளி நின்று ஓங்கி ஒரு தட்டு. நண்பன் துள்ளிக் குதித்தான். வேப்பமரத்துக் காக்கா பறந்தது. ஜமீன் ஒரு எறும்பை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"திமிர் இல்லை தம்பி. காது கேக்கலை."

எனக்கு வாயில் போட்ட பால்கோவா இறங்கவில்லை. இரண்டரை மாசம் காது கேட்காத குழந்தையிடம் கத்தியிருக்கிறேன். போதாததற்கு அடி வேறு.

மதுரை வந்து கால்நடை டாக்டரிடம் காட்டியபோது விளக்கினார். வெள்ளை நாய்கள் எல்லாமே செவிடு இல்லை. ஆனால் சில குட்டிகளுக்கு உள்காதில் நிறமி செல்கள் இருக்காது. அது இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே காது போய்விடும். பார்த்தால் தெரியாது. கூடப் பிறந்ததுகளைப் பார்த்து அதுவும் ஓடும், ஆடும். தனியாக நம் வீட்டுக்கு வந்த பிறகுதான் 'சொன்ன பேச்சுக் கேட்காத' நாயாகிவிடும்.

பெரியவர் அதோடு விடவில்லை. ஒரு அவித்த முட்டையைப் பட்டாணி அளவுக்கு நறுக்கிக்கொண்டு வந்தார்.

ஒரு துண்டை ஜமீனின் மூக்குக்கு நேரே காட்டினார். கையை மெதுவாக மேலே, தலைக்குப் பின்பக்கமாகக் கொண்டு போனார். மூக்கு மேலே போகப் போக, பின்பக்கம் தானாகக் கீழே வந்தது. தரையைத் தொட்ட அந்த நொடியில் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார், அடுத்த நொடி முட்டை வாயில். ஏழெட்டு தடவை. அப்புறம் முட்டை இல்லாமல் வெறும் கையை உயர்த்தினார். ஜமீன் உட்கார்ந்தான்! உட்கார்ந்ததும் அவர் கட்டை விரலைப் பார்த்தான்.

"செஞ்ச உடனே சம்பளம் கொடுத்துடணும் தம்பி. ஒண்ணாந்தேதி தர்றேன்னா நாய்க்குப் புரியாது."

பாடம் தொடர்ந்தது. கூப்பிடுவதற்குக் காலால் தரையைத் தட்ட வேண்டும். அந்த அதிர்வில் திரும்பிப் பார்த்தால் முட்டை. தூங்கும்போது எழுப்ப, முதலில் கையை மூக்கருகே வைத்து வாசம் பிடிக்க விட வேண்டும், பிறகு தோளில் லேசாகத் தொட வேண்டும், கண் விழித்ததும் முட்டை. ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஐந்தைந்து நிமிஷம் போதும். ரோட்டில் மட்டும் கயிற்றை விடவே கூடாது. பின்னால் வருகிற லாரி அவனுக்குத் தெரியாது.

"தலையணையைக் கிழிக்கிறானே ஐயா?"

"நீங்க ஆபீஸ் போயிடுறீங்க. அவனுக்கு என்ன வேலை? வேலை இல்லாதவன் தானா ஒரு வேலை தேடிக்குவான்."

முட்டை அடுக்கும் அட்டையில் குழிக்குக் குழி சோற்று உருண்டையைப் போட்டு, மேலே கசக்கிய பேப்பரைச் சொருகி வைக்கச் சொன்னார். பழைய துண்டில் கறித்துண்டை வைத்துப் பாய் மாதிரி சுருட்டிப் போடலாம். நாலு மூலையில் ஒளித்து வைத்துத் தேட விடலாம். வாக்கிங்கில் தரதரவென்று இழுக்காமல் நின்று மோப்பம் பிடிக்க விடணும். "நமக்குப் பேப்பர் படிக்கிற மாதிரி அதுக்கு அது."

இதெல்லாம் அவர் எந்தப் புஸ்தகத்திலும் படித்ததில்லை. ஆனால் புஸ்தகத்திலும் இருக்கிறது. 1960-களில் ஹவாய் தீவில் கேரன் பிரையர் என்ற அம்மாள் விசிலையும் மீனையும் வைத்து டால்ஃபின்களைப் பழக்கினார். டால்ஃபினை அடிக்க முடியாது, கயிறு கட்டி இழுக்க முடியாது. கோபித்துக்கொண்டால் நீந்திப் போய்விடும். சரியாகச் செய்த நொடியில் ஒரு அடையாளம், உடனே கூலி. அதே வழி நாய்க்கும் மனுஷனுக்கும் பொருந்தும் என்று 1984-ல் புத்தகமே எழுதினார். அவருக்கு விசில், நம் பெரியவருக்குக் கட்டை விரல்.

நன்றிக்குப் பால்கோவாவை நீட்டினேன். ஜமீன் மூக்கை நீட்டினான். "இனிப்பு அவனுக்கு ஆகாது" என்று பெரியவரே வாங்கி வாயில் போட்டுக்கொண்டு எனக்குக் கட்டை விரலைக் காட்டினார்.

"அப்ப குட்டியை விட்டுட்டுப் போறீங்களா சார்?" என்றார் விற்றவர்.

தோப்பை நினைத்துப் பார்த்தேன். காது கேட்காமல், ஒரு மரத்தடியில், ஒரு சங்கிலியில், யாரும் எதுவும் சொல்லாமல் ஒரு ஆயுள். காலால் தரையைத் தட்டினேன். ஜமீன் திரும்பி என்னைப் பார்த்தான். முதல் தடவையாக! கார்க் கதவைத் திறந்தேன்.

இப்போது அவனுக்கு ஒண்ணே முக்கால் வயசு. பதினெட்டு கை ஜாடை தெரியும். ஹவுஸ் ஓனர் அம்மா மாடிப்படியில் நின்று கட்டை விரலைக் காட்டுகிறார். அவருக்காக உட்காருகிறான், எனக்காகக்கூட இவ்வளவு சீக்கிரம் உட்கார்ந்ததில்லை. ஆபீஸில் பத்து வருஷமாக எனக்கு ஒரு கட்டை விரலும் காட்டாத மேனேஜரை ஒரு நடை ராஜபாளையம் அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரே ஒரு விஷயம். காலையில் நான் பேப்பரைப் படித்து முடித்துச் சுருட்டினால் இன்னமும் ஓரடி பின்னால் போகிறான். அது மறக்க இன்னும் எத்தனை முட்டை ஆகுமோ. தினமும் வாங்கி வருகிறேன்.