இப்போ என்ன செய்யப் போறீங்க?

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு தட்டு முழுக்கப் பகடைகள்தான். நான்கு முகம், ஆறு முகம், எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது. பக்கத்தில் விதிப் புத்தகங்கள், கட்டம் போட்ட நோட்டுகள், பெயின்ட் அடித்த கட்டைவிரல் உயரப் பொம்மைகள். வீட்டுக்கு வருகிறவர்கள் பிள்ளைகளுடையது என்று நினைத்துச் சிரிப்பார்கள். என்னுடையது என்றதும் பேச்சை மாற்றுவார்கள். சித்தப்பா மட்டும்தான் நேராகக் கேட்பார்: "ஏல, இந்த வயசுலயும் பொம்மைய வச்சு வெளாடிக்கிட்டு இருக்க?" ஆமாம் சித்தப்பா, இந்த வயதிலும்தான். அதில் எனக்கு வெட்கம் இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் பெருமைதான்.

நான் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஞாயிறு மதியம் நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவோம். ஆளுக்கு ஒரு பாத்திரம்: ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் பூட்டுத் திறக்கும் திருடி. என் இடம் வேறு. நான் டன்ஜன் மாஸ்டர். எல்லாரும் டிஎம் என்பார்கள். அந்த உலகத்தை விவரிப்பதும், அதில் வரும் மற்ற அத்தனை பேராகவும் பேசுவதும், தகராறு வந்தால் விதி சொல்வதும் என் வேலை. விவரித்து முடித்ததும் கேட்பேன்: "இப்போ என்ன செய்யப் போறீங்க?" அவர்கள் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சொல்ல முடியாத காரியமென்றால் பகடை உருளும். விளைவைச் சொல்லிவிட்டு மறுபடியும் அதே கேள்வி. மூன்று மணி நேரம் இப்படியே போய்விடும். பலகை கட்டாயமில்லை; ஒருவர் ஜெயித்து மற்றவர் தோற்பதும் இல்லை. டிஎம்முக்கு வேண்டிய வித்தை முழுக்க அந்த ஒற்றைக் கேள்விக்குள் இருக்கிறது என்பது என் எண்ணம். அதைக் கேட்டுவிட்டு, வருகிற பதிலுக்கு உண்மையாகவே இடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான், ஆனால் அது லேசில் வருவதில்லை.

இந்த ஆட்டம் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. உருவாக்கியவர்கள் இருவர். கேரி கைகாக்ஸ் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் வாழ்ந்தவர். காப்பீட்டு நிறுவன வேலை போனபின் செருப்புத் தைத்துக் குடும்பம் நடத்தியவர். டேவ் ஆர்னெசன் மினசோட்டாக்காரர். இருவருக்கும் பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திப் போர் ஆடும் பைத்தியம். ஆர்னெசன் தன் ஆட்டத்தில் ஆளுக்கொரு படை என்பதை ஆளுக்கொரு பாத்திரம் என்று மாற்றி, பிளாக்மூர் என்ற கோட்டையின் நிலவறைக்குள் நண்பர்களை அனுப்பினார். கைகாக்ஸ் அதை விரித்து விதிகளாக எழுதினார். ஒரு பெட்டியில் மூன்று சிறு புத்தகங்கள், முதல் அச்சு 1,000 பிரதிகள். பல முகப் பகடைகள் அதுவரை வகுப்பறைகளுக்கான கற்பித்தல் சாமான்களாக விற்றுக்கொண்டிருந்தவை. 1980களில் இது பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டுக்கு இழுக்கிறது என்று அந்த நாட்டில் ஒரு பெரும் பீதியே கிளம்பியது. ஆட்டம் அதையும் தாண்டியது. இன்று செல்போனில் ஆடும் பிள்ளை "லெவல் ஏறிட்டேன்" என்று கத்துகிறதே, அந்த லெவலைப் பரப்பியது இந்தப் பெட்டிதான்.

பகடைக் கணக்கு மட்டும் எனக்கு அந்தப் பெட்டியிலிருந்து வரவில்லை. ஆச்சியின் தாயத்திலிருந்து வந்தது. பித்தளையில் நீளமாக இரண்டு கட்டைகள். ஒவ்வொன்றிலும் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என நான்கு முகங்கள். இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். ஒன்று விழுந்தால் தாயம். அதற்கு 16இல் 2 வழி. மூன்றுக்கு 4 வழி. இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. அதற்கு ஒரே வழி. எங்கள் வீட்டு விதிப்படி 1, 5, 6, 12 விழுந்தவருக்கு மறு உருட்டு உண்டு. கூட்டிப் பார்த்தால் 16இல் 6. ஆச்சிக்கு இந்தப் பின்னமெல்லாம் தெரியாது. ஆனால் மூன்று தள்ளி நிற்கும் எதிரிக் காய்க்கு முன்னால் தன் காயை ஒருநாளும் நிறுத்தமாட்டாள். கணக்கு அவள் கையில் இருந்தது.

டிஎம் முதலில் பழக வேண்டியதும் இதுதான். தாயக்கட்டை நடு எண்களுக்குச் சாயும். இருபது முகப் பகடைக்குச் சாய்வே கிடையாது. ஒவ்வொரு முகமும் 5 சதவீதம். நடுத்தரக் கடினமான காரியத்துக்கு இலக்கு 15. பூட்டுத் திறப்பதில் தேர்ந்த திருடிக்கு 5 கூட்டலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதற்கு வாய்ப்பு 55 சதவீதம். அதாவது கைதேர்ந்தவளே பாதிக்குச் சற்றுக் குறைவான முறை தோற்பாள். எதற்கெடுத்தாலும் உருட்டச் சொல்லும் டிஎம்மிடம் வீரர்கள் கோமாளிகளாகிப் போவது இதனால்தான்.

ஆகவே எப்போது உருட்டக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். தோற்றாலும் ஏதாவது நடக்குமென்றால் மட்டும் பகடையை எடுக்கச் சொல்வேன். கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான் என்றால் ஆட்டம் அங்கேயே படுத்துவிடும். கதவு திறந்தது, ஆனால் கீல் கிரீச்சிட்டதில் காவல்காரர் விழித்துக்கொண்டார் என்றால் அது தோல்விதான், ஆனால் கதை நகர்கிறது. நேரம் இருக்கிறது, யாரும் துரத்தவில்லை, கையில் கருவி இருக்கிறது என்றால் உருட்டவே வேண்டாம். "திறந்துட்டீங்க, உள்ளே இருட்டு" என்று போய்விடலாம். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஒரு நல்ல வழி தந்தது: சாதகமான நிலையில் இருப்பவர் இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டி, பெரியதை எடுத்துக்கொள்ளலாம். 11 விழ வேண்டிய இடத்தில் 50 சதவீத வாய்ப்பு 75 ஆகிவிடும். யாராவது நல்ல யோசனை சொன்னால் நான் உடனே கொடுப்பது இதைத்தான். யோசித்தவருக்கு அதற்குரிய மதிப்பு பகடையிலேயே கிடைத்துவிடுகிறது.

புதிதாக டிஎம் ஆகிறவர்கள் ஆசையோடு கதையை முழுதாக எழுதிக்கொண்டு வருவார்கள். வில்லன் எங்கே ஒளிந்திருப்பான், என்ன வசனம் பேசுவான் என்பதுவரை. மேசையில் உட்கார்ந்தவர்கள் முதல் பத்து நிமிடத்திலேயே வேறு பக்கம் நடந்துவிடுவார்கள். அவர்களை இழுத்துக்கொண்டு வந்து தன் கதைக்குள் தள்ளினால், "என்ன செய்யப் போறீங்க" என்ற கேள்வி பொய்யாகிவிடும். கேட்கப்படுகிறவர்களுக்கு அது சீக்கிரமே புரிந்துவிடும். நான் கதை எழுதுவதில்லை. ஆட்களை எழுதுகிறேன்: இவருக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறார், யாரிடம் கடன்பட்டிருக்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டு. ஊர்த் திருவிழா, தேர் நிலையைவிட்டு நகரவில்லை. பேசிய கூலியைக் கொடுக்காமல் ஏமாற்றப்பட்ட தச்சர் அச்சில் ஆப்பு இறக்கியிருக்கிறார். அது எனக்கு மட்டும் தெரியும். ஜஸ்டின் அலெக்ஸாண்டர் என்ற ஆட்ட எழுத்தாளர் சொன்ன விதி ஒன்றுண்டு: வீரர்கள் கண்டுபிடித்தாக வேண்டிய எந்த உண்மைக்கும் மூன்று துப்பாவது வை. ஒன்றைக் கவனிக்கமாட்டார்கள், இன்னொன்றைத் தப்பாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது காப்பாற்றும். அதனால் சக்கரத்தடியில் புது மரத்தூள், தர்மகர்த்தாவின் கணக்கில் அடிக்கப்பட்ட ஒரு வரி, பூட்டிய வீட்டுக்குள் எரியும் விளக்கு என்று மூன்றை வைத்தேன். மரத்தூளைத் தாண்டிப் போனார்கள். விளக்கைப் பார்த்துவிட்டுப் பேய் என்றார்கள். கணக்கில்தான் பிடித்தார்கள். தச்சரைப் பிடித்துக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர்கள் நேரே தர்மகர்த்தா வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, கூலியைக் கொடுத்தால்தான் எழுந்திருப்போம் என்றார்கள். அந்தச் சாயங்காலம் முழுக்கப் பஞ்சாயத்துதான். ஒரு வாள்கூட உறையிலிருந்து வரவில்லை. நான் எழுதியிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

எங்கள் மேசையில் தமிழில்தான் ஆடுகிறோம். "இனிஷியேட்டிவ் ரோல் பண்ணுங்க", "ஹிட் பாயின்ட் எவ்வளவு மிச்சம்" என்பதெல்லாம் அப்படியே இருக்கும். பாத்திரங்களின் பேச்சு தமிழ். மேல்நாட்டு ஆட்டங்கள் பெரும்பாலும் மதுக்கூடத்தில் தொடங்கும். எங்களுடையது வழிப்போக்கர் சத்திரத்தில் தொடங்கும். முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து சாப்பிட அதைவிட நல்ல இடம் ஏது? தமிழில் ஆடுவதில் ஒரு வசதி உண்டு. வாயிற்காவலர் "யாரு நீ?" என்று தொடங்கி, முத்திரை மோதிரத்தைப் பார்த்ததும் "உள்ள வாங்க" என்று முடித்தால், அவரைப் பற்றி நான் வேறெதுவும் விவரிக்க வேண்டியதில்லை. அதே வசதியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. நம் ஊரில் பேச்சு வழக்கு சாதியையும் சுமந்துகொண்டு வரும். திருடனுக்கு ஒரு வழக்கு, மந்திரிக்கு ஒரு வழக்கு என்று யோசிக்காமல் நாக்கில் வந்ததைப் பேசினால், சினிமாக்கள் செய்துவந்த அசிங்கத்தை நானும் செய்கிறேன் என்று அர்த்தம். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே எது வேண்டாம் என்று எல்லாரும் கூடிப் பேசிவிடுகிறோம். நடுவில் யாருக்காவது ஒரு காட்சி பிடிக்கவில்லையென்றால் எக்ஸ் போட்ட அட்டையைத் தொட்டால் போதும். காரணம் கேட்கமாட்டேன், காட்சி மாறிவிடும்.

கேள்வியை யாரிடம் கேட்பது என்பதும் தொழில்தான். எந்தக் குழுவிலும் சத்தமாகப் பேசுகிறவர் ஒருவர் இருப்பார். வாயே திறக்காதவர் ஒருவர் இருப்பார். பேசாதவரிடம் "நீங்க என்ன செய்யறீங்க?" என்று திடீரென்று கேட்டால் இன்னும் சுருங்கிப்போவார். அதற்குப் பதில், அடுத்தவர் கோட்டைச் சுவரில் பாதி ஏறியிருக்கும்போது நிறுத்திவிட்டு, "அந்த நேரத்துல நீங்க எங்க நிக்கறீங்க?" என்று கேட்பேன். எங்கே என்பதற்குப் பதில் சொல்வது சுலபம். மரத்தடியில் என்பார். அங்கிருந்து என்ன தெரிகிறது என்று சொல்வேன். அடுத்த முறை வாய் தானாகத் திறக்கும்.

இதற்காகவா இத்தனை விதிப் புத்தகங்களை மனப்பாடம் செய்கிறாய் என்பார்கள். இதற்காகத்தான். விதி தலைக்குள் இருந்தால்தான் கண் புத்தகத்தில் இல்லாமல் ஆட்களின் முகத்தில் இருக்கும். கயிறு எத்தனை அடி, மயக்க மந்திரம் எத்தனை நிமிடம் என்ற அற்ப விவரங்களில் பிடிவாதமாக இருப்பதால்தான், நான் சொல்கிற தீர்ப்பைச் சண்டையில்லாமல் ஏற்கிறார்கள். என் பகடையையும் மறைவில்லாமல் எல்லார் முன்னாலும்தான் உருட்டுகிறேன்.

இந்த ஆட்டத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் கற்பனை வளரும், கூட்டாக வேலை செய்ய வரும், ஆங்கிலம் மேம்படும் என்று பட்டியல் போடுகிறார்கள். வளரலாம். நான் அதற்காக ஆடவில்லை. டிசம்பரில் சபா சபாவாக ஏறி இறங்குகிறவரிடம் இதனால் என்ன லாபம் என்று யாரும் கேட்பதில்லை. எங்களிடமும் கேட்க வேண்டாம். பெரியவர்கள் நான்கு பேர் போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டு, மதியம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். லாபம் இதுவே போதும்.

உங்களுக்கும் ஆசை இருந்தால் தடையாக எதுவும் இல்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை 2023இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் இலவசமாக வெளியிட்டுவிட்டார்கள். பகடை வாங்க வேண்டாமென்றால் செல்போன் செயலியே உருட்டித் தரும். மூன்று நண்பர்கள், ஒரு சத்திரம், ஒரு சிக்கல், மூன்று துப்பு போதும். முதல் ஆட்டம் தட்டுத் தடுமாறித்தான் போகும். அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். அதே மூன்று பேரை அடுத்த ஞாயிறும் கூப்பிடுங்கள்.