காத்துக் கொடுத்த ஏடு

சென்ற ஆண்டு ஆஷூரா நோன்பு திறக்க அமர்ந்திருந்தோம். மூஸா நபி (அலை) அவர்களையும் அவர்தம் சமூகத்தாரையும் ஃபிர்அவ்னின் பிடியிலிருந்து இறைவன் மீட்டருளிய வரலாற்றை வழக்கம்போல் சொல்லிக்கொண்டிருந்தோம். பத்து வயதுப் பேத்தி இடைமறித்தாள்: “நன்னா, அந்தச் சமூகத்தார் இப்போதும் இருக்கிறார்களா? அவர்களும் இதை நினைத்துப் பார்க்கிறார்களா?”

நமக்கு உடனே விடை வரவில்லை. யூதர் என்ற சொல்லைக் கேட்டதுமே பலஸ்தீனத்தின் கண்ணீர்தான் நம் நெஞ்சில் நிறைகிறது. அந்த வேதனை மெய்யானது. ஆயினும் குழந்தை கேட்டது வேறு. அதற்குரிய விடையைத் தேடிப் படித்தோம்.

ஆம், நினைக்கிறார்கள். நீசான் மாதம் 15ஆம் நாள் தொடங்கும் பெஸாஹ் பெருநாளின் முதல் இரவில் குடும்பமே ஒன்றாக அமர்கிறது. அடிமை வாழ்வின் கசப்பை உணர்த்தக் கசப்புக் கீரையும், விரைந்து புறப்பட்டதை நினைவூட்டப் புளிக்காத மாவில் சுட்ட ரொட்டியும் உண்கிறார்கள். வீட்டின் இளைய குழந்தை, ‘இந்த இரவு மட்டும் ஏன் வேறுபட்டது?’ என்று கேட்க வேண்டும். பெரியோர் ‘ஹகாதா’ என்னும் ஏட்டைப் படித்து விடை சொல்வர். நம் பேத்தி கேட்டது போன்றதொரு கேள்விதான் அவர்கள் பெருநாளுக்கே தொடக்கம்!

அத்தகைய ஏடுகளுள் ஒன்று 14ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வண்ண ஓவியங்களுடன் எழுதப்பட்டது. 1492இல் யூதர்கள் அந்நாட்டிலிருந்து துரத்தப்பட்டனர். கைமாறிக் கைமாறி வந்த அந்த ஏடு 1894இல் போஸ்னியாவின் சரயேவோ அருங்காட்சியகத்தை அடைந்தது. பல பெருநாள் இரவுகளில் சிந்திய திராட்சை ரசக் கறைகள் அதன் பக்கங்களில் இன்றும் உள்ளன.

1942இல் நாஜிப் படைத்தலைவர் ஒருவர் அதைக் கைப்பற்ற வந்தார். நூலகப் பொறுப்பிலிருந்த தெர்விஷ் கோர்குத் ஒரு முஸ்லிம் அறிஞர். ஏட்டைத் தம் உடைக்குள் மறைத்து வெளியே கொண்டுசென்றார். மலைக்கிராமம் ஒன்றில் அது பாதுகாக்கப்பட்டது என்பர். அதே ஆண்டில் அவரும் மனைவியும் யூதப் பெண் ஒருத்திக்கு முஸ்லிம் உடை அணிவித்து, பணிப்பெண் என்று சொல்லித் தம் வீட்டில் காத்தனர்.

1992இல் சரயேவோ முற்றுகையிடப்பட்டது. மே மாதத்தில் கீழைக்கலைக் கழகம் எரிந்து, ஆயிரக்கணக்கான அரபு, பார்சி, துருக்கிச் சுவடிகள் சாம்பலாயின. நம் ஏடுகள் எரிந்த அதே ஆண்டில், என்வர் இமாமோவிச் என்ற முஸ்லிம் பேராசிரியரும் துணைவர்களும் குண்டுகளுக்கிடையே அருங்காட்சியகத்துள் புகுந்து அந்த யூத ஏட்டை மீட்டனர். அது வங்கிப் பெட்டகத்தில் வைக்கப்பட்டது.

1999இல் கோசோவோவிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் விரட்டப்பட்டன. அவர்களுள் கோர்குத்தின் மகளும் ஒருவர். பெற்றோரின் நற்செயலைப் போற்றி இஸ்ரேலில் வழங்கப்பட்ட சான்றின் நகல் அவரிடம் இருந்தது. அதைக் கண்ட ஸ்கோப்யே நகர யூதர்கள் அவருக்குப் புகலிடம் தேடித் தந்தனர். இஸ்ரேலில் விமானத்தை விட்டு இறங்கியவரை வரவேற்க நின்றவர்களுள், அன்று கோர்குத் வீட்டில் காக்கப்பட்ட பெண்ணின் மகனும் இருந்தார்.

அமானிதம் என்ற சொல்லை எத்தனையோ முறை உச்சரித்திருக்கிறோம். பிறர் வேதனையையும் பிறர் ஏட்டையும் காப்பது அதில் அடங்கும் என்பதைக் கோர்குத் நமக்குக் கற்பித்தார். வரும் ஆஷூராவன்று பேத்தி கேட்கும் முன்பே இக்கதையைச் சொல்லிவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.