நான் ஓடத் தொடங்கினேன்

தரம் 10இல் படித்தபோது இல்ல மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்தின் இரண்டாம் சுற்றிலேயே நின்றுவிட்டேன். விலாவைப் பிடித்தபடி, எல்லோரும் பார்த்திருக்க மைதானத்தை விட்டு வெளியேறினேன். "ஓட்டம் எனக்குச் சரிவராது" என்று அப்பம்மாவிடம் சொன்னேன்.

அப்பம்மா தாம் எடுத்து வைத்திருந்த பத்திரிகைத் துண்டொன்றை நீட்டினார். முல்லைத்தீவு, முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார் 72 வயதில், 2023இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேக நடையிலும் தங்கமும் 800 மீற்றரில் வெண்கலமும் வென்றிருந்தார். நான் கைவிட்ட அதே 1500 மீற்றர்!

மறுநாள் விடியற்காலையில் எங்கள் ஊர்க் குளக்கட்டுக்குப் போனேன். வன்னி வெயில் ஏறிய பின்னர் ஓட நினைப்பது வீண். அன்றும் பழைய பிழையையே விட்டேன். பாய்ந்தோடி மூச்சிரைத்து நின்றேன். அதன்பின் ஒரு நிமிடம் மெதுவாக ஓடி, இரண்டு நிமிடம் நடந்தேன். இப்படி 20 நிமிடம், கிழமைக்கு மூன்று நாள். ஓடும்போது ஒரு வசனத்தை முழுதாகப் பேச முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். மூச்சு விரைவில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பழக அதிக காலம் எடுக்கும். இடையில் ஆசைப்பட்டுத் தினமும் ஓடி, முழங்காலுக்குக் கீழே நொந்து ஒரு கிழமை வீட்டில் இருந்தபோதுதான் இது விளங்கியது.

மூன்றாம் மாதம் ஒருநாள், இடையில் நடக்காமலே கட்டின் மறுமுனையைத் தொட்டேன். கைதட்ட அங்கே ஒருவரும் இல்லை. ஒரு கொக்கு மட்டும் நின்றது.