வென்றவர் கடன்

பெரும்பாலான போட்டிகளில் வென்றவர் பரிசோடு வீடு திரும்புவார். அத்துடன் அவர் பொறுப்பு முடிந்துவிடும். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறும் புதிர் வேட்டையில் வென்ற அணிக்குக் கிடைப்பது வேலை. அடுத்த ஆண்டின் வேட்டைக்குரிய புதிர்கள் அனைத்தையும் அவர்களே இயற்ற வேண்டும். ஓராண்டுக்காலம் ஊதியமின்றி உழைத்து, தாங்கள் விளையாட முடியாத ஒரு விளையாட்டைப் பிறருக்காக அமைக்க வேண்டும். இதை அறிந்தே அணிகள் வெல்ல முயல்கின்றன. அந்த வேட்டையில் நான் கற்றவற்றுள் முதன்மையானதாக இந்த ஒரு விதியையே கருதுகிறேன்.

1981இல் அங்கே ஆய்வு மாணவராக இருந்த பிராட்லி ஷேஃபர் இதைத் தொடங்கினார். பின்னாளில் அவர் வானியற்பியலாளரானார். முதல் வேட்டை ஒரே தாளில் அடங்கியது: 12 சிறு குறிப்புகள், அவற்றின் முடிவில் வளாகத்தில் மறைத்து வைக்கப்பட்ட பழைய ஒரு சென்ட் நாணயம். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட புதிர்கள், பலர் சேர்ந்த பெரிய அணிகள், வெள்ளி நண்பகலில் தொடங்கிச் சில ஆண்டுகளில் திங்கள் வரை நீளும் மணித்துளிகள் என அது வளர்ந்துவிட்டது. தேடப்படும் பொருளை இன்றும் 'நாணயம்' என்றே அழைக்கிறார்கள். பரிசுத்தொகை கிடையாது.

இவ்வேட்டையின் புதிர் எதற்கும் செய்முறை விளக்கம் இராது. ஒரு பக்கத்தில் படங்கள் மட்டும் இருக்கும். இன்னொன்றில் பொருளற்ற வாக்கியங்கள். என்ன செய்யவேண்டும் என்பதைக் கண்டறிவதே பாதிப் புதிர். தீர்த்தால் ஒரு சொல்லோ தொடரோ விடையாக வரும். அவ்வாறு கிடைத்த பல விடைகளைச் சேர்த்தால் அவற்றினுள் மேலும் ஒரு புதிர் இருக்கும். அதை மேற்புதிர் எனலாம். நல்ல புதிருக்கு ஓர் இலக்கணம் உண்டு. சரியான வழியில் ஓரடி எடுத்து வைத்ததும், 'நீ வந்த வழி சரி' என்று அது தானே உறுதி சொல்லவேண்டும். ஊகத்தால் மட்டும் எட்டக்கூடிய புதிரை அங்கே யாரும் மதிப்பதில்லை.

2021இல் பெருந்தொற்றின் காரணமாக வேட்டை முழுவதும் இணையவழி நடந்தது. வெளிநாட்டில் படிக்கும் நண்பர் ஒருவரின் அணியில் அப்போது சேர்ந்தேன். அங்கே வெள்ளி நண்பகல் என்றால் இங்கே இரவு 10.30 மணி. அம்பூரியில் அந்நேரம் ரப்பர் தோட்டங்களின் இருளன்றி வெளியே எதுவும் இராது. கணினித் திரையில் ஒரு பொது அட்டவணை. அதில் முகமறியாத முப்பது நாற்பது பேர் ஒரே நேரத்தில் எழுதுவார்கள். ஒருவர் இவை இசைக்குறிப்புகள் என்பார். மற்றொருவர் தொடர்வண்டி நிலையங்கள் என்று அழித்தெழுதுவார். மூன்று மணி நேரம் ஒன்றும் நகராது. பிறகு யாரோ ஒருவர் ஒரு கட்டத்தில் ஒரே ஒரு சொல்லை இடுவார். அட்டவணை முழுவதும் நொடியில் பொருள் பெற்றுவிடும். அச்சொல்லை இட்டவர் யார் என்பது பல வேளைகளில் தெரியாமலே போகும். என் பங்களிப்பு மிகச் சிறியது. ஆனால் அந்த மூன்று மணி நேர மௌனத்தில் நாங்கள் யாரும் கலைந்து போகாததற்கு ஒரு காரணம் இருந்தது. இதை மறைத்தவர் நாம் கண்டுபிடிக்க வேண்டுமென்று விரும்புகிறார் என்ற நம்பிக்கையே அது.

இந்த நம்பிக்கை எங்கள் ஊர்க்காரருக்குப் புதிது. அம்பூரியில் திரவியப்பாறை என்றொரு குன்று இருக்கிறது. திருவிதாங்கூரின் மார்த்தாண்ட வர்மர் பகைவருக்கு அஞ்சி ஒளிந்த இடம் அது என்றும், பாறைக்குள் திரவியம் இருக்கிறது என்றும் கதை சொல்வார்கள். கதையின் மெய்ம்மை என் பொருளன்று. அதில் மறைத்தவரின் நோக்கத்தைத்தான் கவனிக்கிறேன். அவர் பிறர் கண்ணில் படாதிருக்கவே மறைத்தார். திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகள் 2011இல் திறக்கப்பட்டபோது உலகமே வியந்தது. திறக்கப்படாத ஓர் அறையைப் பற்றிய பேச்சு இன்றும் ஓயவில்லை. பூதம் காக்கும் புதையல் என்று நாம் சொல்லிப் பழகியது இவ்வகைச் செல்வத்தையே. தேடுபவன் அங்கே திருடன், காப்பவன் பகைவன்.

ஆனால் இதே மண்ணில் மற்றொரு வகை மறைப்பும் தொன்றுதொட்டு இருந்திருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் 'பிசி' என்பதைப் பாட்டு, உரை முதலியவற்றோடு ஒருங்கே வைத்து எண்ணுகிறது. பிசி என்பது விடுகதை. மலையாளத்தில் அதற்குக் 'கடங்கதை' என்று பெயர். விடை தெரியாதவர் தோல்வியை ஒப்புக்கொண்டால் அவர்மேல் கடன் ஏறும். விடை சொல்பவர் கடன் கொடுத்தவராவார். விளையாட்டுக் கணக்குதான் என்றாலும் அச்சொல் என்னை நிறுத்திவிட்டது. அறியாதவர் அறிந்தவருக்குக் கடன்படுவது கடங்கதையின் முறை. அறிந்தவர் அறியாதவருக்குக் கடன்படுவது புதிர் வேட்டையின் முறை. இரண்டிலும் அறிவு ஒருவரிடம் தங்கிவிடுவதில்லை.

கேரளக் கணிதவியலார் எண்களைச் சொற்களுக்குள் வைத்த கடபயாதி முறையும் இவ்வினத்ததே. க, ட, ப, ய ஆகிய நான்கு எழுத்துகளும் ஒன்று என்னும் எண்ணைக் குறிப்பதால் அதற்கு அப்பெயர். சங்கமகிராமத்து மாதவன் தம் சைன் அட்டவணையை இம்முறையில்தான் செய்யுளாக்கினார். கர்நாடக இசையின் 72 மேளகர்த்தா இராகங்களின் பெயர்களிலும் இம்முறை உண்டு. மாயாமாளவகௌளையில் மா என்பது 5, யா என்பது 1. எண்களை வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டும் என்பது விதி; ஆகவே அது 15ஆம் மேளம். பெயரைத் தெரிந்தவருக்கு எண் கிடைக்கும்; எண் கிடைத்தால் சுரங்கள் கிடைக்கும். பூட்டும் திறவுகோலும் ஒரே சொல்லில் இருக்கின்றன. பின்னால் வருபவன் திறக்கவேண்டும் என்று எண்ணியவர்களே இப்படிப் பூட்டியிருக்க முடியும்.

புதிர் வேட்டை ஆய்வுக்கு நல்ல பயிற்சி என்று நண்பர்கள் சொல்வதுண்டு. நான் இதைப் பாதிதான் ஏற்பேன். புதிருக்கு ஆசிரியர் இருக்கிறார். விடை உண்டு என்பது உறுதி. ஒரு பக்கத்தில் உள்ள எதுவும் பெரும்பாலும் வீணாக வைக்கப்பட்டிருக்காது. ஓலைச்சுவடியின் செல்லரித்த ஓட்டை அப்படியன்று. அதை யாரும் நமக்காகத் துளைக்கவில்லை. சிதைந்த கல்வெட்டில் காணாமற்போன எழுத்துக்கு விடையே இல்லாமலும் போகலாம். இன்னும் ஒரு வேறுபாடு முக்கியமானது. வேட்டையில் மேற்புதிரின் போக்கைக் கண்டுகொண்டால், தீர்க்காத ஒரு புதிரின் விடை இன்னதாகத்தான் இருக்கவேண்டும் என்று பின்னோக்கி ஊகிக்கலாம். அது அங்கே திறமை. ஆய்வில் முடிவை முன்வைத்துக்கொண்டு அதற்கேற்பச் சான்றைப் பொருத்துவது மோசடி. இரண்டும் மூளைக்கு ஒரே இன்பத்தைத் தருவதால் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

ஆய்வுக்கு அந்த வேட்டையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வென்றவர் கடனைத்தான். நாம் ஒன்றைக் கண்டறிந்து பட்டம் பெறுகிறோம். கண்டறிந்த வழியை என்ன செய்கிறோம்? களப்பணியில் பதிவு செய்த ஒலிநாடாக்கள், படியெடுத்த சுவடிகள், ஆவணக் காப்பகத்தில் பல நாள் தேடிக் கண்ட கோப்பின் எண் ஆகியவை பெரும்பாலும் நம் பெட்டிக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. பின்னால் வருபவர் அதே காட்டை மீண்டும் வெட்டவேண்டியிருக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது நூலை மட்டும் தரவில்லை. ஏடுகள் எவரிடமிருந்து கிடைத்தன என்பதைச் சொன்னார்; பாடபேதங்களைக் காட்டினார்; தம் முடிவைப் பிறர் மறுப்பதற்குரிய கருவிகளையும் சேர்த்துக் கொடுத்தார். அவர் ஊர் ஊராக அலைந்து தேடியது எல்லாரும் அறிந்த கதை. தேடியதை அடுத்தவர் தேடத்தக்கதாக விட்டுச்சென்றதே அவருடைய பெருமை என்று நான் நினைக்கிறேன்.

என் கடனில் ஒரு சிறு பகுதியையேனும் தீர்க்கும் எண்ணத்தோடு தமிழில் புதிர் இயற்றத் தொடங்கினேன். முதல் தடையே எழுத்தெண்ணிக்கையில் வந்தது. 'விடையின் மூன்றாம் எழுத்தை எடு' என்பது ஆங்கிலப் புதிர்களில் அன்றாட உத்தி. 'மலை' என்ற சொல்லுக்கு மூன்றாம் எழுத்து எது? கண்ணுக்கு அச்சொல்லில் இரண்டே எழுத்துகள். ஒருங்குறிப்படி எண்ணும் கணினி ம, ல, ஐகாரக் குறி என மூன்று என்கிறது. இலக்கணப்படி பிரித்தால் ம், அ, ல், ஐ என நான்கு. மூன்று கணக்கும் தத்தம் நெறியில் சரியானவை. பல நாள் யோசித்த பின் இலக்கணத்தின் கணக்கையே எடுத்துக்கொண்டேன். அ முதல் ஔ வரை பன்னிரண்டு, க் முதல் ன் வரை பதினெட்டு, ஆக முதலெழுத்து முப்பது. ஆங்கிலத்தின் இருபத்தாறுக்கு நிகராக நின்று வேலை செய்யும் ஒழுங்கான வரிசை அது. தமிழில் புதிர் அமைக்க வேண்டிய கருவி இலக்கணத்திலேயே ஆயத்தமாக இருக்கிறது.

இரண்டாம் தடை இதைவிடப் பெரியது. 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதன் பின் வந்த தலைமுறைகளில் வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்தவர்கள் பலர். ஓணம் விடுமுறையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்காக ஐந்து குறிப்புகள் கொண்ட ஒரு வேட்டை அமைத்தேன். நான்காம் குறிப்பு தமிழ் எழுத்தில் இருந்தது. பேசினால் புரிந்துகொள்ளும் பிள்ளைகள், வாசிக்கத் தெரியாமல் நின்றார்கள். ஒரு சிறுமி தாளை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடினாள். "பாட்டி, இத ஒண்ணு வாசிச்சுத் தாங்க" என்று கேட்டாள். மூதாட்டி கண்ணாடியைத் தேடி எடுத்து, எழுத்தெழுத்தாக வாசித்தார். வாசித்து முடிப்பதற்குள் விடையைப் பிள்ளைகள் கத்திவிட்டார்கள். எழுத்து ஒருவரிடமும் விடை மற்றவரிடமும் இருந்தன. இருவரும் சேர்ந்தபோதுதான் புதிர் தீர்ந்தது.

அந்த மூதாட்டியின் தலைமுறைக்குப் பின் அத்தாளை யாரிடம் கொண்டுபோவது என்ற கேள்வி என்னிடம் இருக்கிறது. கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்று வைக்கப்பட்டவையும், வாசிப்பவர் இல்லாமற்போனால் திரவியப்பாறையின் புதையலாகிவிடும். அதற்குப் பூதம் காவல் வேண்டாம், மறதியே போதும். அதைத் தடுக்கப் பெருந்திட்டங்கள் வேண்டும் என்பது உண்மை. அவை வரும்வரை, அறிந்தவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு புதிரேனும் இயற்றி இளையவர் ஒருவர் கையில் கொடுக்கலாம்.

இவ்வாண்டுக்குரிய என் புதிர் இதோ. இதைத் தீர்க்க வேண்டியவை யாவும் மேலே சொல்லப்பட்டுவிட்டன. இரண்டு இராகங்கள், முப்பது எழுத்துகள். விடை, நன்னூலார் எண்ணிய 42 ஓரெழுத்து ஒருமொழிகளுள் ஒன்றாக அமைந்தால் நீங்கள் வந்த வழி சரி.

சாருகேசி, இரத்னாங்கி.

தீர்த்தவர் விடையை எனக்குச் சொல்லவேண்டியதில்லை. அடுத்த புதிரை அவர் இயற்றட்டும்.