"உம்" கொட்டுவார் யார்?

கதை சொல்வார்க்கு வேண்டுவது விழித்திருக்கும் செவி. அதற்கு அடையாளம் "உம்" என்னும் சிற்றொலி. அவ்வொலி நின்றால் கதையும் நின்றுவிடும். இதனை யான் கற்றது சேர்வராயன் மலையிலாகும்.

சென்ற கோடை விடுமுறையில் ஏற்காட்டிற்கு அணித்தான சிற்றூரொன்றில் தங்கினேன். அம்மலைவாழ் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர், கேரள நாட்டாரல்லர். காஞ்சியினின்று போந்த உடன்பிறந்தார் மூவருள் பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினர் என்பது அவர்தம் பழங்கதை. 1909-ஆம் ஆண்டில் எட்கார் தர்ஸ்டன் வெளியிட்ட ஆங்கில நூலில் இக்கதை அச்சேறியது. அந்நூல் இன்று இணையத்தில் உளது. யான் அதனைக் கைபேசியிற் படித்தே மலையேறினேன்.

அங்கே மூதாட்டி ஒருவர் அக்கதையைச் சொல்லத் தொடங்கினார். யான் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து, அதன் திரையையே நோக்கியிருந்தேன். இடையில் அவர், "தம்பி, உறங்கிவிட்டாயோ?" என்றார். "இல்லை பாட்டி, யாவும் இதில் பதிவாகின்றன" என்றேன். "அது உம் கொட்டுமோ?" என்று வினவினார். யான் நகைத்தேன்.

மறுநாள் மதுரைத் திட்டத்தின் பக்கத்தைத் திறந்து, கொல்லிமலைக்குரிய வல்வில் ஓரியைப் பாடிய புறநானூற்றுப் பாட்டொன்றைப் படித்துப் பொருள் கூறினேன். 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய அத்திட்டத்தில், பல நாட்டுத் தமிழன்பர்கள் ஊதியமின்றித் தட்டெழுதிய நூல்கள் யாவர்க்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. நூலகமில்லா அவ்வூர்த் திண்ணைக்கும் அவை எட்டின. பாட்டியோ அடிதோறும் "உம்" கொட்டி, "அது சின்னண்ணன் மலையன்றோ!" என்று மகிழ்ந்தார்.

விடுதிக்கு மீண்டு ஒலிப்பதிவைக் கேட்டேன். முற்பாதியில் அவர்தம் பேரன் "உம்" கொட்ட, காடும் மழையும் வேட்டைநாயுமாகக் கதை விரிந்தது. அவன் உறங்கிய பின்னர் என் மௌனமே எஞ்சியது, வாக்கியங்கள் குறுகின, கதை விரைந்து முடிந்தது. கருவி பிழை செய்திலது. அவர் குரலோடு என் பாராமுகத்தையும் அது உள்ளவாறே காத்திருந்தது.

வரும் விடுமுறையில் மீண்டும் மலையேறுவேன். கருவி ஒருபுறம் கேட்டுக்கொண்டிருக்கட்டும். "உம்" கொட்டும் கடமை என்னுடையது.