ஏ, பி

இவள் பிரசவ அட்டையின் மூலையில் சிவப்பு மையில் 'ட்வின்ஸ்'. அடியில் ரெண்டு கோடு.

வயிற்றில் ரெண்டு பெல்ட். ஒரு துடிப்பு 142. இன்னொன்றும் 142. சிஸ்டருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரே பிள்ளையை ரெண்டு பக்கமிருந்தும் கேட்கிறோமோ? கருவியை நகர்த்தி நகர்த்தி, கடைசியில் 131. அப்புறம்தான் எழுதினார்.

கீழே இருக்கும் பிள்ளை ஏ. மேலே பி. ஏ தலை திரும்பிவிட்டது, சுகப்பிரசவத்துக்குப் பார்க்கலாம் என்கிறார்கள். பி குறுக்கே கிடக்கிறது.

மாமியார் கணக்கு பத்து மாசம். விரல் மடக்கி எண்ணுகிறார்.

ஆஸ்பத்திரிக் கணக்கு வேறு. பிள்ளைகளுக்குத் தனித்தனி நஞ்சுக்கொடி என்றால் 37 வாரம். ஒரே நஞ்சு என்றால் 36. மூன்று பிள்ளைகள் என்றால் 35. அதற்குமேல் உள்ளே வைத்திருப்பதுதான் ஆபத்தாம்.

அடுத்த கட்டில்காரிக்கு ஒரே நஞ்சு. ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன். ஒரு பிள்ளையின் ரத்தம் மற்றதுக்குப் போய்விடலாமாம். உள்ளேயே பங்காளித் தகராறு.

"ரெட்டை வாழைப்பழம் சாப்பிட்டியா?" பார்க்க வருகிற எல்லாரும் கேட்கிறார்கள். கேட்டவர் பையிலும் ஒரு சீப்பு.

தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி. வந்தால் உடனே சொல்லணும். இவளுக்குக் காலையில் தலை வலித்தது. காபி குடிக்காததால் என்று தானே முடிவு கட்டிக்கொண்டாள். நான்தான் சிஸ்டரிடம் சொல்லிவைத்தேன். பி.பி. பார்த்தார்கள். 128/82.

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பு. அம்மா தேங்காய் எண்ணெய் எடுத்தாள். டாக்டர் ரத்தம் எடுத்தார். கல்லீரலைப் பார்க்கணுமாம்.

இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடக்கூடாது. மாத்திரையும் டீக்காரரும் ஒரே நேரத்துக்கு வருகிறார்கள்.

33 வாரம். நேற்று ராத்திரி வயிறு இறுகி இறுகி விட்டது. உடனே டெக்ஸாமெதசோன், 6 மி.கி. 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி. நுரையீரலுக்கு.

இது ஆட்டில் தொடங்கிய மருத்துவம். நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற டாக்டர். ஸ்டீராய்டு கொடுத்து, குறைமாதத்தில் பிறந்த குட்டி, பிழைக்காது என்று நினைத்தது, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அதைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 1972-ல் வெளிவந்தது.

ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்கிறாள்: "ரெண்டு பேருக்கும் சமமா போகுமாக்கா?"

மாமனார் ஜோசியரிடம் போய்வந்திருக்கிறார். ரெண்டு ஜாதகத்துக்கும் தனித்தனிப் பணமாம்.

பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குப் போன் போகிறது. ரெண்டு வார்மர் காலியா? ஒன்று இருக்கிறதாம். இன்னொன்றுக்கு சாயங்காலம் கேட்கச் சொல்கிறார்கள்.